கடக்கரை பி.எச்.சி.ல கிளினிக்கல் பார்மசி வேலைய ஆரம்பிக்கறது எப்படி

பார்ம்.டிங்கற ஆறு வருஷ பார்மசி படிப்ப முடிச்சுட்டு ராம்நாடு பக்கம் வர்ற தம்பி தங்கச்சிங்களும் சரி, ஏற்கனவே பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) கவுன்ட்டர்ல நின்னு மாத்திரை குடுத்துட்டு இருக்கற டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) ஆளுங்களும் சரி, கேக்கறது ஒரே கேள்விதான். "கிளினிக்கல் பார்மசின்னு படிச்சோம், இங்க வந்து பாத்தா ஓ.பி.ல கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது, இதுல எங்கேருந்து ஆரம்பிக்க?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதனால மொத்தமா எழுதி வச்சுடறேன். கிளினிக்கல் பார்மசின்னா மாத்திரைய எடுத்துக் குடுக்கறதோட நிக்காம, பேஷன்ட் அத எப்படி சாப்புடுறாங்கன்னு பாத்து டாக்டருக்கு சொல்ற வேலை.

பார்ம்.டி கோர்ஸ் நம்ம நாட்டுல 2008ல வந்தது, அஞ்சு வருஷம் படிப்பு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் ஆறு. அதுல கிளினிக்கல்னு சொல்லிக் குடுக்கறது பெரும்பாலும் வார்டு ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் பின்னாடி போறது, கேஸ் ஷீட்டப் பாக்கறது, ஆன்டிபயாடிக் டோஸ் கணக்குப் போடறது. பி.எச்.சி.ல நீங்க பின்னாடி போறதுக்கு வார்டு ரவுண்ட்ஸே கிடையாது. வர்ற ஆளு டாக்டர் முன்னாடி ரெண்டு நிமிஷம் உக்காருவாரு, கவுன்ட்டர்ல அரை நிமிஷம் நிப்பாரு, அப்பறம் பஸ் ஏறிடுவாரு. நான் பாத்த வரைக்கும் சீட்டுல தப்பு இருக்கறது கம்மி. தப்பு எல்லாம் கவுன்ட்டருக்கும் படகுக்கும் நடுவுலதான் நடக்குது. இது மண்டையில ஏறிட்டா மிச்ச வேலை தன்னால வரும்.

முதல்ல எம்.ஓ.கிட்ட போங்க

பிளாக் லெவல்ல, மாவட்ட லெவல்ல பெர்மிஷன் வாங்கறதெல்லாம் வேணும்தான், ஆனா அதுக்கு முன்னாடி அந்த பி.எச்.சி மெடிக்கல் ஆபீசருக்கு நீங்க யாரு, எதுக்கு வந்துருக்கீங்கன்னு தெரியணும். "நான் மருந்து மாத்த மாட்டேன், டோஸ் கூட்ட கொறைக்க மாட்டேன், பேஷன்ட் எப்படி சாப்புடுறாங்கன்னு பாத்து உங்களுக்கு சொல்லுவேன், முடிவு உங்களோடது." இந்த ஒரு வாக்கியத்த மொத நாளே சொல்லிடுங்க. யாராவது "இது பார்மசிஸ்ட் வேலையா"ன்னு கேட்டா 2015 பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ்ல பேஷன்டுக்கு கவுன்சலிங் சொல்றது நம்ம கடமைன்னு இருக்கு, பணிவா எடுத்துக் காட்டுங்க, சண்டைக்கு நிக்காதீங்க.

நான் இதுல அடி வாங்கினவன். ஆரம்பத்துல ஒரு எடத்துல (எந்த எடம்னு வேணாம்) ஒரு அம்மாவுக்கு ஒரே மாத்திரை ரெண்டு தடவை எழுதியிருந்துச்சு, நான் அந்த அம்மாவ கூட்டிட்டு நேரா டாக்டர் ரூமுக்குள்ள போயி "சார் இது டபுள் ஆயிருச்சு"ன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னேன், நான் சொன்னது சரிதான், ஆனா அந்த டாக்டர் ரெண்டு வாரம் எங்கிட்ட பேசல, அந்த அம்மா "டாக்டருக்கே தெரியல போல"ன்னு எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டு அடுத்த மாசம் பிரஷர் ஏறி வந்தாங்க. பேஷன்ட் முன்னாடி சீட்டப் பத்தி வாய தொறக்கவே கூடாதுன்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒன்றரை மணி நேரம்

தனி ரூம் கேட்டா கெடைக்காது, வருஷம் ஓடிடும். மாத்திரை வாங்கிட்டு வெளிய வர்ற வழியில ஒரு மேஜை போதும். பேஷன்டுக்கு நாற்காலி கண்டிப்பா வேணும், நிக்க வச்சு பேசினா ஒருத்தரும் உண்மைய சொல்ல மாட்டாங்க.

எல்லாரையும் பாக்கணும்னு நெனைக்காதீங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், எட்டு பேரு போதும். சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கறவங்க, அஞ்சு மாத்திரைக்கு மேல சாப்புடுறவங்க, இன்சுலின் போடறவங்க, டி.பி மருந்து எடுக்கறவங்க, இன்ஹேலர் வச்சிருக்கறவங்க, இந்த வரிசையில எடுத்தாலே கை நெறைய வேலை இருக்கும்.

நாள் குறிக்கறதுல ஒரு விஷயம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு திங்க, புதன், சனி கடலுக்குப் போகும், நாட்டுப்படகு மத்த நாள்ல. நீங்க திங்கக்கிழமை 'சுகர் பேஷன்ட் டே'ன்னு போர்டு வச்சா பொம்பளைங்க மட்டும்தான் வருவாங்க, அவங்களும் "அவுகளுக்கும் சேத்து குடுங்க"ன்னு புருஷனோட அட்டைய நீட்டுவாங்க. விசைப்படகு ஆளுங்க வெள்ளிக்கிழமை கரையில இருப்பாங்க. ஆனா கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாதிரி எடத்துல வெள்ளி மத்தியானம் ஜும்மா தொழுகை, அங்க காலையிலயே முடிச்சுடுங்க. ஊருக்கு ஊரு கேட்டுட்டு நாள் வைங்க.

மஞ்சப்பை

வெளிநாட்டு புக்குல பிரவுன் பேக் ரிவ்யூன்னு போட்டுருக்கும், வீட்டுல இருக்கற அத்தனை மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்றது. நம்ம ஊருல நான் சொல்றது "அடுத்த வாட்டி வரும்போது வீட்டுல இருக்கற மருந்து மாயம் எல்லாத்தையும் மஞ்சப்பையில அள்ளிப் போட்டு கொண்டாங்க, தீந்து போன அட்டை, பாதி பாட்டில், நாட்டு மருந்து, பேரன் துபாய்ல இருந்து அனுப்பினது, ஒண்ணு விடாம." இந்த வேலையோட உயிர் இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் அப்பறம்.

ஒரு தடவை பாம்பன் பக்கத்துல பாசி எடுக்கப் போற ஒரு அம்மா வந்தாங்க, கால் ரெண்டும் வீங்கி செருப்பு நொழையல. பையக் கொட்டினேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, பொடிஞ்சு போன குளுக்கோஸ் பிஸ்கட், வெத்தலப் பொட்டலம், அதுக்கு நடுவுல நம்ம கவர்மென்ட் அம்லோடிபின் (பிரஷர் மாத்திரை) அட்டை. கீழ இன்னொரு அட்டை, டவுன்ல ஒரு கிளினிக்ல எழுதினது, கம்பெனி பேரு வேற, திருப்பிப் போட்டு பொடி எழுத்தப் படிச்சா அதுவும் அம்லோடிபின். மூணாவதா ஃபுரோசமைட், கால் வீக்கத்துக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. அம்லோடிபின்னுக்கு கணுக்கால் வீங்கும், டோஸ் கூடினா இன்னும் வீங்கும், அந்த வீக்கத்துக்கு நீர் போற மாத்திரை, அதப் போட்டுட்டு காலங்காத்தால கடல்ல முங்கி பாசி பறிக்கப் போறாங்க. "தலை கிறுகிறுன்னு வருது தம்பி, தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியல"ன்னாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

மூணு எடத்துலயும் தனித்தனியா யாரும் தப்பு பண்ணல, அத கவனிங்க. கவர்மென்ட் அட்டையில மருந்தோட பேரு, வெளிய கம்பெனி வச்ச பேரு, கலரும் வேற, ரெண்டும் ஒண்ணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கிட்ட தனியா சொன்னேன், அவரு ஒண்ண நிறுத்திட்டு நீர் மாத்திரையையும் நிறுத்தினாரு, ரெண்டு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது.

பையப் பாக்கும்போது கேக்கற விதம் முக்கியம். "மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீகளா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னுதான் வரும், வாத்தியார்கிட்ட பதில் சொல்ற மாதிரி. "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன மாத்திரை எப்ப போட்டீக, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கடைசியா நீங்க சொன்னது ஏறிச்சான்னு தெரிஞ்சுக்க "வீட்டுல மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீக?"ன்னு கேளுங்க. அவங்க திருப்பிச் சொல்றதுலயே எங்க கோட்டை விட்டோம்னு தெரிஞ்சுடும். இன்ஹேலர் ஆளுங்ககிட்ட வாயால கேக்கவே வேணாம், செஞ்சு காட்டச் சொல்லுங்க. இன்ஹேலர் மிஷின்ல போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப்ஸ் குளிகைய அதுல போடாம தண்ணி ஊத்தி முழுங்கறவங்க இன்னும் இருக்காங்க, "மாத்திரைன்னு குடுத்தாக, முழுங்கினேன்"ம்பாங்க, அதுல என்ன தப்பு சொல்ல முடியும்.

டாக்டர்கிட்ட சொல்றது

சின்ன சீட்டு வச்சுக்குங்க, மூணு வரிக்கு மேல எழுதாதீங்க. என்ன பாத்தோம், எதனால கவலை, என்ன செய்யலாம். "சார், இவருக்கு நம்ம பிரஷருக்கு எனலாபிரில் குடுக்கறோம், முதுகு வலிக்கு வெளிய டைக்ளோபெனாக் ஊசி இந்த மாசம் நாலு தடவை போட்டுருக்காரு, நீர் மாத்திரையும் இருக்கு, கிரியேட்டினின் ஒண்ணு பாத்துருவோமா?" அவ்வளவுதான். கிரியேட்டினின்னா கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட். இந்த மூணும் சேந்தா கிட்னிக்கு ஆபத்துன்னு அவருக்குத் தெரியும், வெளிய ஊசி போட்டதுதான் தெரியாது. உங்க வேலை அவருக்குத் தெரியாதத கொண்டு போயி குடுக்கறது. வலை இழுக்கற ஊரு இது, முதுகு வலி, தோள் வலி இல்லாத ஆளே கெடையாது, வலி மாத்திரையும் வலி ஊசியும் மிட்டாய் மாதிரி ஓடுது, அதனால பிரஷர் மாத்திரை சாப்புடுற ஒவ்வொரு ஆம்பளைகிட்டயும் இத கேட்டே ஆகணும்.

எனலாபிரில்ல வறட்டு இருமல் வரும், அதுக்கு சிரப் மேல சிரப் குடிச்சுட்டு இருப்பாங்க, அதையும் பாருங்க.

ஓ.பி நடுவுல சீட்டோட போயி நிக்காதீங்க. அவசரம் இருந்தா மட்டும் உடனே, இல்லன்னா ஓ.பி முடிஞ்சு டீ வர்ற நேரத்துல மொத்தமா. சொன்னதுல பாதிய ஏத்துக்கிட்டாலே பெரிய விஷயம், ஏத்துக்கலன்னா அதையும் எழுதி வச்சுட்டு விட்டுடுங்க.

இன்சுலின்: இதுக்கு மட்டும் தனி நாள் ஒதுக்குங்க

கவர்மென்ட்ல வர்ற இன்சுலின் வயல் (சின்ன கண்ணாடி பாட்டில்) ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு செவப்பு மூடி போட்ட 40 ஊசி. வெளிநாட்டுல இருந்து வர்ற இன்சுலின் பேனா, அதுக்குள்ள போடற மருந்துக் குழல் (கார்ட்ரிட்ஜ்) எல்லாம் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட், 100 ஊசிக்கு ஆரஞ்சு மூடி. கல்ஃப் காசுல ஓடற ஊருங்க நம்மது, ரெண்டு வகையும் ஒரே வீட்டு ஃபிரிட்ஜ்ல கெடக்கும்.

கீழக்கரை பக்கம் ஒரு பெரியவர், மகன் அனுப்பின பேனாவுல ஊசி முனை தீந்து போச்சு. மருந்து இருக்கே வீணாக்கக் கூடாதுன்னு நம்ம குடுத்த செவப்பு மூடி ஊசிய கார்ட்ரிட்ஜுக்குள்ள குத்தி 20 கோடு வரைக்கும் இழுத்துருக்காரு. கணக்குப் போட்டுப் பாருங்க, 40 ஊசியில 20 கோடுன்னா அரை மில்லி, 100 இன்சுலின்ல அரை மில்லின்னா 50 யூனிட். வேர்த்துக் கொட்டி நாக்கு கொழறி, நல்ல வேளையா நெனப்பு தப்பல, வாய்க்கு முழுங்க முடிஞ்சுது, அவங்க மகள் சக்கரையக் கரைச்சுக் குடுத்து தூக்கிட்டு வந்துட்டாங்க. "எப்பவும் போடற 20தானேம்மா போட்டேன்"னு அந்த வாப்பா திருப்பித் திருப்பி சொல்லிட்டு இருந்தாரு. இதோட மறுபக்கமும் இருக்கு, 40 வயல 100 ஊசியில 20 கோடு இழுத்தா ஏறறது வெறும் 8 யூனிட், சுகர் எறங்கவே எறங்காது, டாக்டர் டோஸக் கூட்டிக்கிட்டே போவாரு. அதனால இன்சுலின் ஆளு வந்தா பாட்டிலையும் ஊசியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நம்பர் ஒத்துப் போகுதான்னு உங்க கண்ணால பாருங்க.

அப்பறம் வைக்கறது. தொறக்காத பாட்டில் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள. தொறந்தத வெயில் படாத குளுமையான எடத்துல வச்சு நாலு வாரத்துல முடிச்சுடணும். ஃபிரிட்ஜ் இல்லாத குடிசையில மண்பானைக்குள்ள ஈர மணல் போட்டு, அதுக்குள்ள டப்பாவுல வைக்கச் சொல்லலாம். ஆனா கடல்ல தங்கல் போறவங்க செய்யறது மீன் பெட்டி ஐஸுக்குள்ள செருகி வைக்கறது. ஐஸுல ஒட்டி உறைஞ்சு போன இன்சுலின் அதுக்கப்பறம் எளகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான், வேலை செய்யும்னு நம்ப முடியாது. துணி சுத்தி டப்பாவுல போட்டு ஐஸ் நேரா படாம வைக்கச் சொல்லுங்க.

கரைக்குன்னு உள்ள மத்த சங்கதி

1-0-1ன்னு எழுதறோம், காலையில ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கடலுக்குப் போயி மத்தியானம் தூங்கற ஆளுக்கு காலை எது ராத்திரி எது? "படகு ஏறுறதுக்கு முன்ன கஞ்சி குடிப்பீகல்ல, அதோட ஒண்ணு"ன்னு அவங்க பொழப்போட கட்டிச் சொல்லுங்க. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் மாதிரி சுகர் மாத்திரையப் போட்டுட்டு சாப்புடாம கடலுக்குப் போனா நடுக்கடல்ல சுகர் எறங்கும், அங்க யாரக் கூப்புட? அதனால மடியில கொஞ்சம் சக்கரையோ குளுக்கோஸோ எப்பவும் இருக்கணும். கருப்பட்டி சுகர ஏத்தாதுன்னு நம்பறவங்க நெறைய பேரு, ஏத்தும், அத அன்னாடம் காப்பியில போடாதீங்க, மடியில ஒரு துண்டு வச்சுக்கங்கன்னு நான் சொல்றது உண்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவாங்க.

டி.பி பேஷன்டுக்கு ஒண்ணுக்கு செவந்து போகும்னு மொத நாளே சொல்லிடுங்க, ரிஃபாம்பிசின்ங்கற டி.பி மருந்தோட வேலை அது, ரத்தம்னு பயந்து நிறுத்திடுவாங்க. இன்னொண்ணு நம்ம கரைக்கே உரியது. ஐசோனியாசிட்ங்கற டி.பி மருந்து சாப்புடும்போது சூரை, கானாங்கெளுத்தி, சாளை மாதிரி மீனு சரியா ஐஸ் வைக்காம கெட்டுப் போனத சாப்புட்டா மூஞ்சி செவந்து தலைவலி, படபடப்பு எல்லாம் வரும். மீன்ல சேர்ற ஹிஸ்டமின் ஒடைஞ்சு போறத அந்த மருந்து தடுக்குது. மருந்து அலர்ஜின்னு நெனச்சு டி.பி மாத்திரைய நிறுத்திடக் கூடாது, அன்னைக்கு என்ன மீனுன்னு கேளுங்க.

டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் வெயில்ல தோல எரிய வைக்கும், கடல்ல வெயிலத் தவிர வேற என்ன இருக்கு. பிரஷர் ஆளுங்கள கருவாட்ட விடச் சொன்னா யாரும் விட மாட்டாங்க, தண்ணியில ஊற வச்சு ரெண்டு தடவை அலசிட்டு ஆக்கச் சொல்லுங்க, உப்பு கொஞ்சமாவது எறங்கும். உப்புக் காத்துல காகிதக் கவர்ல போட்ட லூஸ் மாத்திரை நமுத்துப் போகும், அட்டையோட குடுங்க, மூடி இறுகின டப்பாவுல வைக்கச் சொல்லுங்க.

நோன்புக்கு ஆறு எட்டு வாரம் முன்னாடியே சுகர் ஆளுங்கள வரச் சொல்லுங்க. மெட்ஃபார்மின் பெரும்பாலும் நோன்பு தொறக்கும்போதும் சஹருக்கும் (விடியறதுக்கு முன்ன சாப்புடறது) மாத்திக்கலாம், கிளிமிபிரைட் மாதிரி சுகர ரொம்ப எறக்கிடற மாத்திரையும் இன்சுலினும்தான் சிக்கல், அத டாக்டர்தான் மாத்தி எழுதணும். சுகர் 70க்கு கீழ எறங்கினாலும் 300க்கு மேல போனாலும் அன்னைக்கு நோன்ப விட்டுடணும்னு சொல்றது நம்ம வேலை, ஆனா நீங்க சொல்றத விட பள்ளிவாசல் இமாம் வாயால வந்தா கேப்பாங்க, அவரப் போயி முன்கூட்டியே பாத்து பேசிடுங்க.

எழுதி வைங்க, இல்லன்னா ஒண்ணும் நடக்காத மாதிரிதான்

ஒரு நூறு பக்க நோட்டு. தேதி, ஓ.பி நம்பர், என்ன பிரச்சனை, டாக்டர்கிட்ட என்ன சொன்னோம், ஏத்துக்கிட்டாரா, அடுத்த தடவை பிரஷர் சுகர் எவ்வளவு. பேரு எழுதாதீங்க, அந்த மேஜையில நாலு பேரு கை வைப்பாங்க. மூணு மாசம் கழிச்சு மேல இருக்கற ஆபீசர் "இதனால என்ன லாபம்"னு கேக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

மருந்துனால ஏதாவது ஆச்சுன்னா பி.வி.பி.ஐ ஃபார்ம் இருக்கு, மருந்தோட பக்க விளைவக் கண்காணிக்க 2010ல ஆரம்பிச்ச திட்டம், காசியாபாத்ல இருக்கற இந்தியன் பார்மகோபியா கமிஷன்தான் பாத்துக்குது. பேஷன்டோட இனிஷியல், என்ன ஆச்சு, எந்த மருந்து, யாரு சொல்றது, இந்த நாலும் இருந்தாலே அனுப்பிடலாம், மருந்துனாலதான்னு நிரூபிக்க வேண்டியதில்ல, சந்தேகம் போதும். ஃபார்ம் நிரப்ப முடியலன்னா 1800-180-3024 ஃபிரீ நம்பர்.

வீட்டுக்குப் போறவங்களோட சேந்துக்குங்க

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்ததுல இருந்து வீடு வீடா மாத்திரை போகுது. கொண்டு போறது அந்தந்த ஊரு பொம்பளைங்க, மாத்திரை எந்த டப்பாவுல கெடக்குன்னு உங்களவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். மாசத்துக்கு ஒரு மணி நேரம் அவங்களோட உக்காருங்க, வகுப்பு எடுக்காதீங்க, கேளுங்க. "அந்த வீட்டுல போன மாச அட்டை அப்படியே இருக்கு சார்"னு அவங்க சொல்ற ஒரு வரி போதும், அடுத்த வாரம் யார மேஜைக்குக் கூப்புடணும்னு தெரிஞ்சுடும்.

எப்ப ஆரம்பிக்கன்னு கேட்டீங்கன்னா ஏப்ரல் 15. அன்னைக்குத்தான் மீன்பிடித் தடை தொடங்குது, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கட்டிக் கெடக்கும், ஆம்பளைங்க கரையில வலை பின்னிட்டு சும்மா இருப்பாங்க, பையக் கொண்டாங்கன்னா கொண்டு வருவாங்க. அந்த ரெண்டு மாசத்துல ஆளுக்கு ரெண்டு தடவையாவது பாத்துடலாம். ஜூன் 13, 14ல ஜெட்டி பக்கம் டீசல் ஏத்தற, ஐஸ் ஏத்தற கூட்டம் நிக்கும், அங்க போயி சுகர், பிரஷர் ஆளுங்களுக்கு ஒரு மாச மாத்திரையும் மூடி டப்பாவும் கையில குடுத்து, டப்பாவ படகுல எங்க வைக்கப் போறாருன்னு காட்டச் சொல்லுங்க. என்ஜின் பக்கத்துல வைக்கப் போனாருன்னா அங்கேயே எடுத்து வேற எடம் காட்டிட்டு வாங்க.